கலைஞரும் சட்டமன்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலைஞர் கருணாநிதின்னு சொன்னதும் பசங்க கேக்குறது மூணே மூணு விஷயம்தான், சினிமா வசனம், எம்ஜிஆர் கூட சண்டை, குடும்பம். 1957ல இருந்து 2018 வரைக்கும், நடுவுல சில வருஷம் தவிர, அந்த மனுஷன் சட்டமன்றத்துல உக்காந்திருந்தாரு, அங்க என்ன செஞ்சாருனு கேக்குற ஆளு ரொம்ப கம்மி. எனக்கு இது சொந்த விஷயமும் கூட. எங்க ஊர் திருவாரூர் பக்கம், அவரு கொண்டுவந்த ஒரு சட்டத்தாலதான் எங்கம்மா பேருல 6 மா நஞ்சை, அதாவது 2 ஏக்கர், இருக்கு. அதனால இந்தக் கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பதில் எழுதுறேன்.

கேள்வி: எத்தனை தடவை எம்எல்ஏ ஆனாரு? ஒரு தடவை கூட தோத்ததில்லையா?

13 தடவை நின்னாரு, 13 தடவையும் ஜெயிச்சாரு. 1957 குளித்தலை, 1962 தஞ்சாவூர், 1967ம் 1971ம் சைதாப்பேட்டை, 1977ம் 1980ம் அண்ணா நகர், 1989ம் 1991ம் துறைமுகம், 1996, 2001, 2006 மூணும் சேப்பாக்கம், கடைசியா 2011, 2016 திருவாரூர். 1984ல மட்டும் நிக்கல, அப்ப மேலவை உறுப்பினரா போனாரு, அந்த மேலவையையே 1986ல எம்ஜிஆர் ஆட்சியில கலைச்சுட்டாங்க.

கேரளாவுல கே.எம். மாணி இருந்தாரு, அவரும் 13 தடவை ஜெயிச்சவரு, ஆனா அத்தனையும் பாலாங்கிற ஒரே தொகுதி. கலைஞர் ஏழு தொகுதி மாறி மாறி ஜெயிச்சிருக்காரு. தொகுதியை மாத்திக்கிட்டே இருந்ததைக் குறை சொல்றவங்க இருக்காங்க, பயந்து ஓடுனாருனு. எனக்கு அப்படித் தெரியல, ஏன்னா எல்லாமே சுலபமான ஜெயிப்பு இல்ல, 1980ல அண்ணா நகர்ல வெறும் 699 ஓட்டு வித்தியாசம், 1991ல துறைமுகத்துல ஆயிரத்துக்கும் கீழ. அதே ஆளு 2016ல, 92 வயசை நெருங்குறப்ப, சக்கர நாற்காலியில வந்து ஓட்டு கேட்டு திருவாரூர்ல 68 ஆயிரத்துக்கும் மேல வித்தியாசத்துல ஜெயிச்சாரு. நான் மொத மொதலா சட்டமன்றத்துக்கு ஓட்டு போட்டது 2011ல, அந்தத் தொகுதியிலதான்.

கேள்வி: எங்க பொறந்தாரு, என்ன படிச்சாரு?

1924 ஜூன் 3, திருக்குவளை. அப்ப தஞ்சாவூர் ஜில்லா, இப்ப நாகப்பட்டினம் மாவட்டம். அப்பா முத்துவேலர், அம்மா அஞ்சுகம், வச்ச பேரு தட்சிணாமூர்த்தி. இசை வேளாளர் குடும்பம், நாதஸ்வரக்காரங்க. திருவாரூர் பள்ளிக்கூடத்துல சேத்துக்க மாட்டேன்னு சொன்னப்ப, எதிர்ல இருக்குற கமலாலயம் குளத்துல குதிச்சிடுவேன்னு ஹெட்மாஸ்டரை மிரட்டி இடம் வாங்குனவரு. அந்தக் குளத்தைப் பாத்தவங்களுக்குத் தெரியும், அது சின்னக் குளம் இல்ல. 1938ல இந்தி எதிர்ப்புல இறங்குறப்ப வயசு 14. பள்ளி இறுதிப் பரீட்சையில பாஸ் ஆகல. அவ்வளவுதான் படிப்பு, மத்ததெல்லாம் பத்திரிகை, மேடை, நாடகம், பெரியாரோட ஈரோட்டு அலுவலகம். கலைஞர்ங்கிற பட்டம் எம்.ஆர். ராதா குடுத்தது.

கேள்வி: சட்டமன்றத்துல மொத பேச்சு எதைப் பத்தி?

நங்கவரம் விவசாயிகளைப் பத்தி. 1957லதான் திமுக மொத தடவையா பொதுத் தேர்தல்ல நிக்குது, 15 பேரு ஜெயிச்சு உள்ள போறாங்க, அதுல குளித்தலை எம்எல்ஏ இவரு, வயசு 32. அந்தத் தொகுதியில நங்கவரம்னு ஒரு ஊரு, அங்க பெரிய பண்ணைக்கும் நிலத்துல பாடுபட்டவங்களுக்கும் தகராறு, இவரு தேர்தலுக்கு முன்னாடியும் பின்னாடியும் அந்த ஜனங்க கூட நின்னாரு. வசனம் எழுதிப் பேரு வாங்குன ஆளு கோட்டைக்குள்ள மொத தடவை எந்திரிச்சு நிக்குறப்ப தமிழ் பெருமை, திராவிட நாடுன்னு பேசி கைதட்டு வாங்கியிருக்கலாம். அதை விட்டுட்டு குத்தகை, வாரம், பண்ணைன்னு பேசுனாரு பாருங்க, அதுதான் எனக்கு அவர்கிட்ட ரொம்பப் பிடிச்ச இடம்.

கேள்வி: அந்த 11 லட்சம் கதை நிஜமா?

நிஜம்தான். 1967 தேர்தலுக்கு நிதி திரட்டுற பொறுப்பு பொருளாளரா இருந்த இவர்கிட்ட, 10 லட்சம் இலக்கு, 11 லட்சம் திரட்டிக் குடுத்தாரு. விருகம்பாக்கம் மாநாட்டுல அண்ணா வேட்பாளர் பேரெல்லாம் வரிசையா படிச்சுக்கிட்டே வந்து, சைதாப்பேட்டைன்னு சொல்லிட்டு கருணாநிதின்னு சொல்லாம, 11 லட்சம்னு சொன்னாரு. கூட்டத்துக்குப் புரிஞ்சுபோச்சு.

கேள்வி: முதலமைச்சர் ஆனதும் சட்டமன்றம் மூலமா என்ன செஞ்சாரு?

அண்ணா 1969 பிப்ரவரி 3 காலமானாரு, பிப்ரவரி 10 இவரு பதவி ஏத்தாரு. அதுக்கு முன்னாடி பொதுப்பணியும் போக்குவரத்தும் பாத்த மந்திரி, பஸ் தேசியமயமாக்கல்ல இறங்குனதும் அப்பதான். அடுத்த ஏழு வருஷத்துல நடந்ததை ஒரு பதில்ல அடக்க முடியாது, எனக்கு முக்கியம்னு பட்டதை மட்டும் சொல்றேன்.

நில உச்சவரம்பை 30 ஸ்டாண்டர்டு ஏக்கர்ல இருந்து 15க்கு இறக்குனாங்க, டெல்டாவுல இருக்குறவங்களுக்கு இதோட எடை தெரியும். குடிசை மாற்று வாரியம் 1970. பிற்படுத்தப்பட்டவங்க இடஒதுக்கீடு 25ல இருந்து 31, பட்டியல் சாதி பழங்குடிக்கு 16ல இருந்து 18. மனுஷனை மனுஷன் இழுக்குற கைரிக்‌ஷாவை ஒழிச்சு சைக்கிள் ரிக்‌ஷா குடுத்தது. தமிழ்த்தாய் வாழ்த்தை அரசு விழாவுல பாடணும்னு கொண்டுவந்தது 1970. மத்திய மாநில உறவை ஆராய ராஜமன்னார் குழு போட்டு, அது குடுத்த அறிக்கைய வச்சு 1974 ஏப்ரல்ல மாநில சுயாட்சித் தீர்மானம் சட்டமன்றத்துல நிறைவேத்துனது. சுதந்திர தினத்துக்குக் கோட்டையில முதலமைச்சர் கொடி ஏத்துறது 1974க்கு முன்னாடி கிடையாது, ஆளுநர்தான் ஏத்துவாரு, இவரு டெல்லிகிட்ட கேட்டு வாங்குன உரிமை அது, இன்னைக்கு எல்லா மாநில முதலமைச்சரும் ஏத்துறாங்க.

இதுல ஒண்ணை மட்டும் கொஞ்சம் நின்னு பாக்கணும். 1970ல கோயில் அர்ச்சகர் வேலை அப்பனுக்கு அப்புறம் மகன்னு பரம்பரையா போறதை நிறுத்தி அறநிலையத் துறை சட்டத்தைத் திருத்துனாங்க. சுப்ரீம் கோர்ட் 1972ல சட்டம் செல்லும்னு சொல்லிச்சு, ஆனா ஆகம விதிப்படி யாரை வைக்கலாம்ங்கிற எடத்துல கட்டிப் போட்டுடுச்சு. 2006ல திரும்ப கொண்டுவந்தாரு, பயிற்சிப் பள்ளி ஆரம்பிச்சாரு, பசங்க படிச்சு முடிச்சும் பல வருஷம் வேலை இல்லாம காத்துக்கிட்டு இருந்தாங்க. 2021 ஆகஸ்ட்லதான் பல சாதியில இருந்து பயிற்சி முடிச்சவங்களுக்கு மொத்தமா பணி ஆணை குடுத்தாங்க. 1970ல போட்ட மசோதா, 51 வருஷம், போட்டவரு அப்ப உயிரோட இல்ல.

இதைச் சொல்றப்ப எங்க ஊர்க்காரங்க இன்னொண்ணையும் சேத்துச் சொல்வாங்க. திருவாரூர் ஆழித்தேர் 1948க்கு அப்புறம் ஓடாம கெடந்தது, அதை 1970ல ஓட வச்சதும் சாமி கும்பிடாத இந்த முதலமைச்சர்தான், திருச்சி பெல் கம்பெனில இரும்பு சக்கரமும் பிரேக்கும் செஞ்சு போட்டாங்க. எங்க தாத்தா அந்தத் தேர் வடம் பிடிச்சவரு.

கேள்வி: சட்டமன்றத்துல அவரு பேச்சு அவ்வளவு பெருசா? ஒரு உதாரணம் சொல்லுங்க.

எல்லாரும் சொல்றது ஹண்டே கதை. டாக்டர் ஹண்டே அப்ப சுதந்திரா கட்சி எம்எல்ஏ, இது மூன்றாந்தர அரசுன்னு சொல்லிட்டாரு. ஆளுங்கட்சிக்காரங்க கொதிக்கிறாங்க. இவரு எந்திரிச்சு, இல்ல இது நாலாந்தர அரசு, பிராமணர் சத்திரியர் வைசியர் சூத்திரர்னு வச்சீங்களே, அந்த நாலாந்தர மக்களோட அரசுன்னு சொன்னாரு. சபை அடங்கிப்போச்சு. 1980ல அண்ணா நகர்ல அந்த 699 ஓட்டுக்கு அவரை நெருக்குனது இதே ஹண்டேதான், அப்ப அவரு அதிமுக.

பேச்சை மட்டும் பாத்தா பாதிதான் பாத்த மாதிரி. எதிர்க்கட்சித் தலைவரா 1977ல இருந்து 1983 வரைக்கும், ஜெயிச்சு வந்து எதிர் வரிசையில உக்காந்து, மானியக் கோரிக்கை மேல வெட்டுத் தீர்மானம், கேள்வி நேரம், வெளிநடப்புன்னு வேலை பாத்தாரு. 13 வருஷம் ஆட்சியே இல்லாம கட்சி நின்னதுக்கு அந்த வேலை ஒரு காரணம். 1983ல இலங்கைத் தமிழர் பிரச்சனையில அவரும் பேராசிரியர் அன்பழகனும் எம்எல்ஏ பதவிய ராஜினாமா செஞ்சாங்க.

கேள்வி: ஆட்சியை ரெண்டு தடவை கலைச்சாங்களே, ஏன்?

முதல் தடவை 1976 ஜனவரி 31, எமர்ஜென்சி. எமர்ஜென்சியை எதிர்த்துத் தீர்மானம் போட்ட கட்சி, சும்மா விடுவாங்களா. கலைச்ச கையோட கட்சிக்காரங்களை, விசாரணை இல்லாமலே உள்ள வைக்கிற மிசா சட்டத்துல உள்ள போட்டாங்க, ஸ்டாலினும் உள்ள போனாரு, சிட்டிபாபு ஜெயில்ல வாங்குன அடியில இறந்துபோனாரு. ரெண்டாவது 1991 ஜனவரி 30, சந்திரசேகர் பிரதமர். அப்ப ஆளுநரா இருந்த பர்னாலா கலைக்கச் சொல்லி அறிக்கை குடுக்க மாட்டேன்னுட்டாரு, அறிக்கை இல்லாமலே கலைச்சாங்க. 1994ல பொம்மை வழக்குத் தீர்ப்பு வந்து இந்த மாதிரி கலைக்கிறதுக்குக் கடிவாளம் போட்டுச்சு.

கேள்வி: 1989 மார்ச் 25 சட்டமன்றத்துல நிஜமா என்ன நடந்துச்சு?

அன்னைக்கு பட்ஜெட். நிதி இலாகாவும் முதலமைச்சர்கிட்டயே இருந்துச்சு, அவரு பட்ஜெட்டைப் படிக்க எந்திரிக்கிறாரு, எதிர்க்கட்சித் தலைவர் ஜெயலலிதா எதிர்ப்புத் தெரிவிக்கிறாங்க, வாக்குவாதம் முத்துது, கைகலப்பாகுது. முதலமைச்சரோட மூக்குக்கண்ணாடி உடைஞ்சுச்சு. ஜெயலலிதா தலைமுடி கலைஞ்சு வெளிய வந்தாங்க, தன் சேலையைப் பிடிச்சு இழுத்தாங்கன்னு சொன்னாங்க, திமுக அதை மறுத்துச்சு. இனி முதலமைச்சராத்தான் இந்த சபைக்குள்ள வருவேன்னு சொல்லிட்டுப் போனாங்க, 1991ல அப்படியே வந்தாங்க. யாரு முதல்ல கை வச்சாங்கன்னு இன்னைக்கும் ரெண்டு கட்சிக்காரங்களும் ரெண்டு கதை சொல்வாங்க. ஒரு பெண் எதிர்க்கட்சித் தலைவர் அப்படி வெளிய வர்ற நிலைமை வந்தது அந்த சபைக்கே அவமானம், முதலமைச்சரா உக்காந்திருந்தவருக்கு அதுல பங்கு உண்டுன்னு நான் நினைக்கிறேன், அவரை எவ்வளவு பிடிச்சாலும்.

யாரும் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. பெண்களுக்கு பூர்வீகச் சொத்துல ஆம்பளப் புள்ளைக்குச் சமமா பங்குன்னு இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு தமிழ்நாடு திருத்தம் போட்டாங்கல்ல, அந்தச் சட்டம் எந்தத் தேதியில இருந்து அமல்னு எடுத்துப் பாருங்க. 1989 மார்ச் 25. அதே நாள்.

கேள்வி: அந்தச் சொத்துரிமைச் சட்டத்துல அப்படி என்ன விசேஷம்?

1929ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல பெரியார் போட்ட தீர்மானத்துல இருந்தது இது, பெண்ணுக்கும் சொத்துல சம உரிமை வேணும்னு. 60 வருஷம் கழிச்சு சட்டமாச்சு. ஆந்திராவுல என்டிஆர் காலத்துல நமக்கு முன்னாடியே வந்துடுச்சு, கர்நாடகாவும் மகாராஷ்டிராவும் 1994லதான், இந்தியா முழுக்க 2005ல.

ஆனா சட்டத்துல ஒரு வரி இருந்துச்சு, அந்தத் தேதிக்கு முன்னாடி கல்யாணம் ஆன பொண்ணுக்குப் பங்கு கிடையாது.

எங்க தாத்தாவுக்கு பூர்வீகமா 18 மா நஞ்சை, அதாவது 6 ஏக்கர். பெரியம்மா, அம்மா, மாமான்னு மூணு புள்ளைங்க. பெரியம்மா கல்யாணம் 1988 ஆவணி. அம்மா கல்யாணம் 1990 தை. 1997ல பாகம் பிரிக்கிறப்ப பத்திர எழுத்தர் ரெண்டு பேரோட கல்யாணப் பத்திரிக்கையையும் கொண்டாங்கன்னாரு. மஞ்சள் தடவுன ஓரம் மங்கிப்போன ரெண்டு பத்திரிக்கை, மேசை மேல பக்கத்துல பக்கத்துல வச்சு தேதியைப் பாத்தாரு. தாத்தாவுக்கு 6, மாமாவுக்கு 6, அம்மாவுக்கு 6. பெரியம்மாவுக்கு இல்ல. ஏழு மாசம். ரிஜிஸ்டர் ஆபீஸ் வேப்ப மரத்தடியில என்னை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தது பெரியம்மாதான், எனக்கு அப்ப 6 வயசு, அவங்க வாங்கிக் குடுத்த கடலை மிட்டாய்தான் நினைவிருக்கு. அம்மா ரெண்டு வருஷம் கழிச்சு தன் பங்குல 2 மாவை அவங்க பேருக்கு எழுதி வைக்கிறேன்னாங்க, பெரியம்மா வாங்கிக்கல, உனக்கு வந்தது உனக்குன்னுட்டாங்க. வெளைஞ்சதுல வருஷா வருஷம் நாலு மூட்டை நெல்லு மட்டும் அவங்க வீட்டுக்குப் போகும்.

பெரியம்மா ஓட்டு எப்பவும் இரட்டை இலைக்குத்தான். மார்ச் 25 பேப்பர்ல வந்த ஜெயலலிதா படத்தைப் பத்தி இன்னைக்கும் பேசுவாங்க. அம்மா உதயசூரியன். ஒரே தேதிதான் ரெண்டு பேருக்கும்.

கேள்வி: 1991ல ஜெயிச்சும் ஏன் ராஜினாமா?

ராஜீவ் காந்தி படுகொலைக்கு அப்புறம் வந்த தேர்தல், கட்சியே துடைச்செடுத்த மாதிரி தோத்துப்போச்சு, இவரு துறைமுகத்துல ஜெயிச்சாரு. தோல்விக்குப் பொறுப்பேத்து எம்எல்ஏ பதவிய விட்டுட்டாரு. 1996ல தமிழ் மாநில காங்கிரஸ் கூட்டணியோட 221 எடம், திரும்ப முதலமைச்சர். சமத்துவபுரம், உழவர் சந்தை, மினி பஸ், டைடல் பார்க் எல்லாம் இந்த ஆட்சிதான்.

கேள்வி: அவர் மேல இருக்குற குத்தச்சாட்டெல்லாம் பொய்யா?

அப்படி நான் சொல்ல மாட்டேன். அவரு ஆட்சி மேல வந்த ஊழல் புகாரை விசாரிச்ச சர்க்காரியா கமிஷன் வீராணம் குடிநீர்த் திட்டத்தைப் பத்தி எழுதுனது இருக்கு. 1971ல மதுவிலக்கைத் தளர்த்துனது பெரிய தப்பு, 1974க்குள்ள திரும்ப மூடுனாலும் அந்த மூணு வருஷத்துல பழகுன பழக்கம் எத்தனை குடும்பத்தைத் தின்னுச்சு. குடும்பத்து ஆளுங்க கட்சிக்குள்ள வந்தது வந்ததுதான். எனக்கு ஆறாதது 2009. ஏப்ரல் 27 காலையில அண்ணா சமாதி பக்கத்துல உண்ணாவிரதம் உக்காந்து, இலங்கைல சண்டையை நிறுத்திட்டாங்கன்னு சொல்லி மதியத்துக்குள்ள எந்திரிச்சாரு, சண்டை நிக்கல, மே மாசம் முள்ளிவாய்க்கால்ல முடிஞ்சுது. 1983ல இதே பிரச்சனைக்காகப் பதவியைத் தூக்கிப் போட்ட மனுஷன். அதை நினைக்கிறப்ப இப்பவும் மனசு வலிக்குது.

கேள்வி: 2006 ஆட்சி மைனாரிட்டி ஆட்சியா?

ஆமா, திமுகவுக்கு 96 எடம்தான், காங்கிரஸ் வெளிய இருந்து ஆதரவு. அப்படி இருந்தும் அஞ்சு வருஷமும் ஓட்டுனாரு. பதவி ஏத்த மேடையிலயே 2 ரூபா அரிசிக்கும் கூட்டுறவுக் கடன் தள்ளுபடிக்கும் கையெழுத்து. தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு ரத்து, அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு, திருநங்கைகளுக்கு நல வாரியம், இதெல்லாம் அந்த எண்ணிக்கையை வச்சுக்கிட்டு செஞ்சது. திருநங்கை, மாற்றுத்திறனாளிங்கிற வார்த்தைங்க அரசாங்கக் காகிதத்துல ஏறுனதும் அப்பதான். அதுக்கு முன்னாடி என்னென்ன வார்த்தை சொல்லிக் கூப்பிட்டோம்னு நமக்குத் தெரியும்.

ஓமந்தூரார் தோட்டத்துல புது சட்டமன்றம் கட்டுனாரு, 2010 மார்ச்ல மன்மோகன் சிங் திறந்து வச்சாரு. அடுத்து வந்த ஜெயலலிதா திரும்பக் கோட்டைக்கே போயி அதை ஆஸ்பத்திரி ஆக்குனாங்க. அரசியல் காரணம்தான், ஆனா இன்னைக்கு ஏழை ஜனங்க அங்க வைத்தியம் பாக்குறாங்க, அதைப் போயி நான் தப்புன்னு சொல்ல முடியாது.

கேள்வி: கடைசி காலத்துல சபைக்கு வந்தாரா?

2011க்கு அப்புறம் சக்கர நாற்காலி வச்சு உக்கார வசதியான எடம் ஒதுக்கச் சொல்லிக் கேட்டுப் பாத்தாங்க, கெடைக்கல, வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டுட்டுப் போறதா ஆயிடுச்சு. 2016 கடைசியில உடம்பு முடியாமப் போச்சு. 2018 ஆகஸ்ட் 7 சாயங்காலம் 6.10க்கு காவேரி ஆஸ்பத்திரியில காலமானாரு. மெரினாவுல எடம் கேட்டு ராத்திரியோட ராத்திரியா ஹைகோர்ட் வரைக்கும் போயி மறுநாள் காலையிலதான் தீர்ப்பு வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி பெரியம்மா எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க, அம்மாவும் அவங்களும் டிவி முன்னாடி விடியிற வரைக்கும் உக்காந்திருந்தாங்க. சமாதியில எழுதியிருக்குறது அவரே முன்னாடி எழுதி வச்ச வரி, ஓய்வெடுக்காமல் உழைத்தவன் இதோ ஓய்வு கொண்டிருக்கிறான்னு.

கேள்வி: எங்கம்மாவுக்கு 1989க்கு முன்னாடியே கல்யாணம் ஆயிடுச்சு. இப்ப பூர்வீகச் சொத்துல பங்கு கேக்க முடியுமா?

நிறைய பேரு கேக்குறது இதுதான். முடியும், ஒரு நிபந்தனையோட. 2005 செப்டம்பர் 9ல இருந்து மத்திய சட்டத் திருத்தம் அமல்ல இருக்கு, அதுல கல்யாணம் ஆச்சா ஆகலையாங்கிற பேச்சே கெடையாது. 2005ல அப்பா உயிரோட இருந்தாராங்கிறதும் முக்கியமில்ல, பொண்ணுக்கு உரிமை பொறப்பாலயே வருதுன்னு சுப்ரீம் கோர்ட் 2020 ஆகஸ்ட்ல வினீதா சர்மா வழக்குல சொல்லிடுச்சு. ஆனா 2004 டிசம்பர் 20க்கு முன்னாடியே முறையாப் பதிவாகி பாகம் பிரிஞ்சிருந்தா, இல்ல சொத்து வித்துப்போயிருந்தா, அதைக் கிளற முடியாது. எங்க பெரியம்மாவுக்கு அதுதான் ஆச்சு, பத்திரம் 1997. தாத்தாவோ அப்பாவோ சுயமா சம்பாதிச்ச சொத்துன்னா கணக்கே வேற, அதுக்கு உயில் இருக்கான்னு பாக்கணும். அதனால வீட்டுல சண்டையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சர்வே நம்பரை எடுத்துக்கிட்டுப் போயி வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க, 1975ல இருந்து கேளுங்க, பாகப்பிரிவினைன்னு ஏதாவது பதிவு இருக்கா, இருந்தா எந்தத் தேதின்னு பாத்துட்டு அப்புறம் வக்கீல்கிட்ட போங்க.